வயித்து வாத்தியார்

வடிவுக்குக் காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுடைய குடல் ஓய்ந்துபோயிருப்பது தெரிந்தது. அந்த வருஷம் தெற்கே பரவிய வைரஸ் பலரை அப்படித்தான் விட்டுவிட்டுப் போனது. கை கால் நன்றாக இருக்கும். புத்தி தெளிவாக இருக்கும். ஒரு வாய்க் கஞ்சி உள்ளே போனால் மட்டும் அது போன இடத்திலேயே கிடக்கும். கொஞ்ச நேரத்தில் வயிறு தவில் மாதிரி உப்பி, குடித்தது அப்படியே வெளியே வந்துவிடும். மார்பில் பதித்த குழாய் வழியாக ரத்தத்தில் ஏற்றிய சத்துநீரில்தான் வடிவு மாதக்கணக்கில் உயிரோடு இருந்தாள்.

அவள் புருஷன் ஆவுடையப்பன் கயத்தாற்றில் மெஸ் நடத்துகிறவன். காலைப் பலகாரம், மத்தியானச் சாப்பாடு, அத்தோடு சரி. சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவான்; ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. நாலு வழிச்சாலையில் போகிற ஆளில்லா லாரிகள் யாருக்காகவும் நிற்பதில்லை என்றாலும், அவனுடைய தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாட்டுக்காகவே காரைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஊரெல்லாம் அவன் கையால் தின்றுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு போகிறது, கட்டின பெண்டாட்டிக்கு ஒரு கரண்டி ரசம் ஊற்ற முடியவில்லையே என்பதுதான் அவனை அரித்துத் தின்றது. கல்யாணமான நாளிலிருந்து வடிவுக்கு அவனேதான் பரிமாறுவான். அவள் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்ப்பான். அதைவிடப் பெரிய பிரியத்தை ஒரு ஆண்பிள்ளை காட்டிவிட முடியாது என்று அவனுக்கு நினைப்பு.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிசா இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினாள்.

"மூளை சொல்லித்தான் குடல் வேலை செய்யுதுன்னு நாம நினைச்சிட்டிருக்கோம். அப்படியில்ல. சாப்பாடு தொண்டையைத் தாண்டிட்டா தலைக்கு அங்க பெருசா வேலை கிடையாது. குடல் சுவருக்குள்ளயே கோடிக்கணக்கான நரம்பு இருக்கு, ரெண்டு அடுக்கு வலை மாதிரி. சாப்பாடு வந்து சுவர்ல பட்டதும் அதுவே தெரிஞ்சுக்கும். சாப்பாட்டுக்குப் பின்னால இறுக்கும், முன்னால தளர்த்தும். அப்படியே தள்ளிட்டே போகும். எங்க நீர் சுரக்கணும், எங்க கொஞ்சம் நிறுத்திவச்சு அரைக்கணும், எல்லாம் அங்கயே முடிவாகும். மேல மூளைக்குச் சேதி மட்டும் போகும். காய்ச்சல் உங்க மனைவிக்கு அந்த நரம்புகளைத்தான் அழிச்சிருக்கு."

"புதுசா வைக்க முடியாதாம்மா?"

"வைக்கலாம். இவங்க தோல்லயிருந்தே எடுத்து வளர்த்து உள்ள விட்டா பிடிச்சுக்கும். ஆனா புது நரம்புக்குத் தாளம் தெரியாது. மேளத்தை முதல் தடவையாத் தொட்ட ஆளுங்களை ஒண்ணா உட்காரவச்ச மாதிரி, ஆளுக்கொரு பக்கம் அடிக்கும். நல்லா வேலை செய்யற ஒரு குடலோட இதைச் சேர்த்துவிடணும். கேட்டுக் கேட்டுப் படிச்சுக்கும்."

இரண்டு பேரும் இடுப்பில் ஆளுக்கொரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வயிற்றின் அசைவு போன் சேதி மாதிரி மற்ற வயிற்றுக்குப் போய்ச் சேரும். அங்கே இறுக்கினால் இங்கே இறுக்கும், அங்கே தளர்ந்தால் இங்கே தளரும். ஒரு வருஷத்துக்குள் புது நரம்புகள் தாமாகவே நடக்கக் கற்றுக்கொள்ளும். பாடம் சொல்லித் தருகிற வயிற்றுக்காரருக்கு ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஜனங்கள் அதை வயித்து வாத்தியார் என்று சொல்லிப் பழகியிருந்தார்கள்.

"நான் இருக்கேம்லா. என் வயித்தோட கட்டிவிடுங்க" என்றான் ஆவுடையப்பன்.

அவனைச் சோதித்துப் பார்த்தார்கள். நாளெல்லாம் உப்பும் புளியும் நக்கிப் பார்த்து, பசிக்கிற நேரத்தில் டீயைக் குடித்துப் பசியைக் கொன்று, அடுப்பு அணைந்த பிறகு அள்ளிப் போட்டுக்கொண்ட வயிறு அது. "உங்க குடல்கிட்டப் படிச்சா இவங்க கெட்டுப்போயிடுவாங்க" என்று டாக்டர் சிரித்தாள். வடிவும் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப யாரு?"

"அதைச் சொல்ல சட்டத்துல இடமில்ல. ரெண்டு பேருக்குமே தெரியாது. இந்தப் பக்கத்து ஆள்தான். இதே தண்ணி, இதே சாப்பாடு. நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கறவர்."

தூங்கறவர். டாக்டர் தூங்கறவங்க என்று சொல்லியிருந்தால் ஆவுடையப்பன் அதோடு விட்டிருப்பான்.

"ஆம்பளையா?"

டாக்டர் ஒரு கணம் தடுமாறினாள். "வயித்துக்கு ஆண் பெண் கிடையாதுங்க" என்று பேச்சை முடித்துக்கொண்டாள்.

பட்டை கட்டிய சில வாரங்களில் வடிவு ஒரு இட்லி சாப்பிட்டாள். அது உள்ளே தங்கியது. அசைந்தது. போக வேண்டிய வழியில் போனது. ஆவுடையப்பன் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அழுதான். அன்றைக்கு மெஸ்ஸில் வந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு வைத்தான்.

ஆனால் ஒன்று கவனித்தான். வடிவுக்கு இப்போது விடிகிற நேரத்திலேயே பசித்தது. முன்பெல்லாம் அவள் காலையில் எதையும் தொடமாட்டாள். அவன்தான் வற்புறுத்த வேண்டும். இப்போது அவன் மெஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பே எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். யாரோ ஒருவன் விடிகாலையில் எழுந்து சாப்பிட உட்கார்கிறான், அதனால் தன் பெண்டாட்டிக்குப் பசிக்கிறது. ஒரு நாள் திண்ணென்று வயிறு நிறைந்துவிட்ட மாதிரி இருந்தபோது அவள் வயிற்றைத் தட்டி, "போதும்யா, மெதுவாச் சாப்புடும்" என்றாள், தன் பாட்டுக்கு.

"யாரச் சொல்லுத?" என்றான் அவன்.

"யாரச் சொல்ல? வயித்தத்தான்."

"வயித்த யாராவது சாப்புடும்னு மரியாதையாச் சொல்லுவாவளா?"

அவள் தட்டைக் கழுவ எழுந்துபோனாள். அவன் விடவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவுவதற்கு முன்பே கேள்வி தொடங்கிவிடும். இன்றைக்கு எப்போது பசித்தது? எப்போது நிறைந்தது? நடுவில் வயிறு என்ன செய்தது? குறுகுறுவென்று இருந்ததா? இருந்தால் ஏன்? சத்தம் போடமாட்டான். இத்தனை வருஷத்தில் அவள்மேல் அவன் கை நீட்டியதே கிடையாது, அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. தணிந்த குரலில், சோற்றைப் பரிமாறிக்கொண்டே, நின்றபடியே கேட்பான். வடிவு வீட்டில் இருந்தபடி, பள்ளிப் புத்தகங்களை வாசிக்கும் இயந்திரக் குரல்களைக் கேட்டுத் தப்புத் திருத்துகிற வேலை பார்த்தாள். எந்தத் தப்பையும் உடனே கண்டுபிடித்துவிடுகிறவள், அவன் கேள்விகளுக்கு மட்டும் எந்த விடை சரி என்று தெரியாமல் விழித்தாள்.

மார்ச் மாதம் வந்தபோது வடிவுக்குக் காலைப் பசி நின்றுபோனது. மத்தியானம் தாண்டித்தான் பசித்தது. டாக்டருக்குப் போன் செய்தபோது கவலைப்படாதீர்கள், ஈஸ்டர் வரைக்கும் இப்படித்தான் இருக்கும் என்றாள். ஆவுடையப்பன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். தவசு நாள், கிறிஸ்தவர்கள் நோன்பு இருக்கிற காலம். ஆள் வேதக்காரன். ஒரு முகமில்லாத ஆணுக்கு மெல்ல மெல்ல முகம் வரத் தொடங்கியது. அந்த முகத்தை அவன் அழகாகவே வரைந்தான். உயரமான ஆள். ஒட்டிய வயிறு. பொறுமையாக மென்று தின்கிறவன்.

ஈஸ்டர் கழிந்து அடுத்த முறை சோதனைக்கு ஆஸ்பத்திரி போனபோதுதான் அவனைக் கண்டான். வடிவை உள்ளே அழைத்துக்கொண்டு போனதும் ஆவுடையப்பன் டீ குடிக்கக் கேன்டீனுக்கு வந்தான். பக்கத்து மேஜையில் ஒருத்தன் மிளகாய் பஜ்ஜியை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தான். குட்டையான ஆள், முன்வழுக்கை, வெயிலில் வெந்து தடித்த கழுத்து. சட்டைக்கு அடியில் பட்டையின் ஓரம் தெரிந்தது. சட்டைப் பையில் காற்றாலைக் கம்பெனியின் சின்னமும், அதற்குக் கீழே கயத்தாறு என்ற பெயரும் தைத்திருந்தது.

ஆவுடையப்பன் டீயைப் பாதியிலேயே வைத்தான். வெளியே வந்து வடிவுக்குப் போன் போட்டான்.

"இப்ப வயிறு எப்படி இருக்கு?"

"என்னமோ திடீர்னு நெறையுதுங்க. நான் வெறும் வயித்தோடதான் படுத்திருக்கேன். நர்ஸ்கூடக் கேட்டாவ, என்ன சாப்ட்டீங்கன்னு."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்த ஆள் இரண்டாவது தட்டுக்குக் கை நீட்டினான்.

காற்றாலை ஆட்கள் தங்கும் யார்டு அவனுடைய மெஸ்ஸிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே மத்தியானச் சாப்பாடு வெளியூரிலிருந்து பொட்டலமாக வந்துகொண்டிருந்தது. ஆவுடையப்பன் மேலாளரைப் பார்த்துப் பேசினான். சூடாக, கேரியரில், தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். அவன் சமையல் பெயர் அவர்களுக்கும் தெரியும், மறுப்பு வரவில்லை. அந்த ஆளின் பெயர் இஸ்ரவேல் என்று முதல் நாளே தெரிந்துகொண்டான். காற்றாலையின் உச்சிவரை ஏறி இறக்கைகளைப் பழுது பார்க்கிறவன். அவ்வளவு உயரத்தில் தொங்கும்போதும் வயிறு கலங்காத ஆள் என்று கூட்டாளிகள் சொன்னார்கள். அதனால்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவனைப் பிடித்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, கடவுள் ஒங்க கையில என்னத்த வச்சிருக்காரு?" என்றான் இஸ்ரவேல், முதல் கவளத்தை விழுங்கிவிட்டு.

அந்தப் பாராட்டு ஆவுடையப்பனுக்குச் சூடு போட்டது மாதிரி இருந்தது. எதிரே உட்கார்ந்து அவன் மெல்லுவதைப் பார்த்தான். இந்தக் கவளம் இன்னும் கொஞ்ச நேரத்தில் இவன் வயிற்றுக்குள் புரளும். அதே புரளல் அங்கே வீட்டில் வடிவின் வயிற்றுக்குள் புரளும். தான் பக்கத்தில் படுத்திருக்கும்போதுகூட அவளுக்குள் நடப்பது இவனுடைய நடை. புருஷன் என்று பெயர், ஆனால் தன்னால் தொட முடியாத ஆழத்தில் இன்னொருத்தன் அவளைப் பகலெல்லாம் தொட்டுக்கொண்டிருக்கிறான்.

ஒரு வியாழக்கிழமை பேதி மாத்திரைகளைப் பொடித்து ஒரு கிண்ணம் ரசத்தில் கலந்தான். இஸ்ரவேலுக்கு மட்டும் என்று தனியாகக் கொண்டுபோனான். இவன் வயிறு கெட்டுவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள், முடிந்தால் ஒரு பொம்பளையைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் அவன் கணக்கு. வடிவுக்குக் கொஞ்சம் வலிக்கும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்சம்தானே என்று நினைத்துக்கொண்டான். யார்டிலிருந்தே வீட்டுக்கு மூன்று தடவை போன் போட்டு, வயிறு எப்படி இருக்கு, வயிறு எப்படி இருக்கு என்று கேட்டான்.

நாலாவது தடவை பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். "அண்ணே, ஓடி வாங்க. அக்கா துடிச்சுப்போயி கெடக்கா."

வடிவின் புது நரம்புகள் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. குடல் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக்கொண்டது. வலியில் அவள் பற்கள் கிட்டித்துவிட்டன. ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஆவுடையப்பனுக்கு, தன் கை அவளுடையதைவிடச் சில்லென்று இருப்பது தெரிந்தது. அறுவை இல்லாமலே முறுக்கு அவிழ்ந்தது பெரிய விஷயம் என்றார்கள்.

"சொல்லித் தர்றவருக்குக் கடுமையான பேதியாம்" என்றாள் டாக்டர். "சர்ச்சுல அசன விருந்து நடந்துச்சாம், அங்க சாப்பிட்டதுதான்னு சொல்றார். பாவம், நம்மால ஒரு உயிர் கஷ்டப்படுதேன்னு அவர் அழறார். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இவ்வளவு நாள் படிச்சதெல்லாம் போயிடும். திரும்ப நரம்பு வைக்கக் குடல் இடம் கொடுக்காது."

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் இஸ்ரவேலைத் தன் கண்ணின் மணி மாதிரிப் பார்த்துக்கொண்டான். வேறு வழியில்லை. பழைய எண்ணெய் படாமல், காரம் மிஞ்சாமல், காய்கறியைத் தானே பொறுக்கி எடுத்துச் சமைத்தான். மோரை அன்றன்றைக்குக் கடைந்தான். இஸ்ரவேல் டீக்கடைப் பக்கம் போனால் சத்தம் போட்டுத் திரும்பக் கூப்பிட்டான். பொறாமை மட்டும் குறையவில்லை. இப்போது அது இன்னும் பெரிதாக இருந்தது. தான் வெறுக்கிற ஒருவனுக்குத் தாய் மாதிரி ஊட்ட வேண்டியிருந்தது, அதுவும் தன் பெண்டாட்டிக்காக.

இஸ்ரவேலுக்கு இது எதுவும் தெரியாது. அவனுக்கு ஆவுடையப்பனைப் பிடித்துப்போயிருந்தது. ஒரு நாள் மற்றவர்கள் கை கழுவப் போனபின், சட்டையைத் தூக்கிப் பட்டையைக் காட்டினான்.

"நம்மகிட்ட ஒரு பிள்ள படிக்கு அண்ணாச்சி. எங்க மதினி இந்தக் காய்ச்சல்லதான் போனா. சாப்பாட்டப் பாத்துப் பாத்தே செத்தா. அதான் ஆஸ்பத்திரியில கேட்டதும் சரின்னுட்டேன்."

"பிள்ளையா?" என்றான் ஆவுடையப்பன்.

"சின்னப் பிள்ளையாத்தான் இருக்கணும். பேரு ஊரு ஒண்ணும் தெரியாது."

"பெறகு பிள்ளைன்னு எப்படிச் சொல்லுத?"

இஸ்ரவேல் குரலைத் தணித்துக்கொண்டான். "பாடம் போய்ச் சேந்துச்சான்னு பாக்கதுக்கு அங்கேருந்து ஒரு பொட்டு சேதி திரும்பி வருமாம். நமக்குத் தெரியாதுன்னுதான் டாக்டர் சொன்னாவ. தெரியாம இருக்குமா? நம்ம வயிறுல்லா. பகல்லாம் அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் ஆனா ஒரு பிடி பிடிக்கும் பாருங்க. அப்படியே சுருட்டிக்கிடும். எனக்கு அது என்னன்னு தெரியும். எங்க அப்பா வேல விட்டு வாற சைக்கிள் சத்தம் கேட்டா எனக்குச் சின்ன வயசுல இதே மாதிரிதான் சுருட்டும். அது பயந்த வயிறு அண்ணாச்சி. பெரிய ஆளுவளுக்கு அப்படி வராது."

ஆவுடையப்பன் கேரியர் அடுக்கை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப் பார்த்தான். அவை பொருந்தவில்லை.

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம காலையில இருந்தே இருக்கும். அன்னைக்கு அப்பன் வீட்டுல இருப்பான்போல. போன வாரம் மூணு நாளு இல்லவே இல்ல. நிம்மதியா இருந்துச்சு. எங்கயோ வெளியூர் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டேன். அடிப்பானோ என்னமோ. இப்படியும் ஒரு தகப்பன்."

போன வாரம் ஆவுடையப்பன் கேரியரை மெஸ் பையனிடம் ஒப்படைத்துவிட்டுக் கோவில்பட்டியில் ஒரு கல்யாணச் சமையலுக்குப் போயிருந்தான். மூன்று நாள்.

அன்று அவன் வீட்டுக்குள் நுழையும் முன் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றான். ஜன்னல் வழியாக வடிவு தெரிந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஏதோ பாடத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கதவைத் தொட்டான். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எழுந்து வந்தாள், வாங்க என்றாள். ஒரு கை மட்டும் அவள் அறியாமலே வயிற்றுக்குப் போனது. இத்தனை நாளும் அந்தக் கையை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அது வேறு ஒருவனுக்காகப் போகிறது என்று நினைத்திருந்தான்.

"என்னக் கண்டா ஒனக்குப் பயமா வடிவு?"

அவள் திகைத்துப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு, அவன் நிற்கிற நிலையைப் பார்த்து, உட்கார்ந்தாள்.

"எனக்கே தெரியாதுங்க" என்றாள். "மனசக் கேட்டா இல்லன்னுதான் சொல்லும். நீங்க அடிக்கல, குடிக்கல, எல்லாரும் குடுத்துவச்சவன்னு சொல்லுதாவ. ஆனா நீங்க பக்கத்துல நின்னா எனக்குச் சோறு எறங்காது. புது நரம்பு வந்த பெறகு இல்ல, அதுக்கு முன்னாலயுந்தான். அப்ப எறங்கலன்னாலும் முழுங்கிருவேன். இப்ப இந்த வயித்துக்குப் பொய் சொல்லத் தெரியல."

"ஒருநாளாவது சொல்லிருக்கலாம்லா."

"எதச் சொல்ல? பிரியமாச் சோறு போடுதீங்க, அது எனக்குப் பயமா இருக்குன்னா?" பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அன்னைக்கு நான் துடிச்சது ஒங்களாலதான? துடிக்கதுக்கு முன்னாலயே மூணு தடவ போன் போட்டுக் கேட்டீங்க."

அவன் தரையில் உட்கார்ந்தான். ஆமாம் என்று தலையசைத்தான்.

மறுநாள் அவனே அவளைச் சங்கரன்கோவிலில் அவளுடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். குடலின் படிப்பு முடிகிறவரை அங்கே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என்ன என்று இருவருமே கேட்கவில்லை. அவன் வீட்டைப் பூட்டிவிட்டு மெஸ்ஸிலேயே தங்கினான். அவளுக்குப் போன் செய்யவில்லை. மத்தியானம் ஆனால் கேரியரைத் தூக்கிக்கொண்டு யார்டுக்குப் போவான். இஸ்ரவேல் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, பேச்சோடு பேச்சாகக் கேட்பான்.

"பிள்ள எப்படி இருக்கு?"

"சொகமா இருக்கு அண்ணாச்சி. அந்தப் பிடியே இப்ப கெடையாது. சாயங்காலமும் ஆத்துத் தண்ணி மாதிரி அமைதியா ஓடுது. அந்த அப்பன் ஒழிஞ்சான்போல."

"நல்லதாப் போச்சு" என்பான் ஆவுடையப்பன்.

உண்மையிலேயே நல்லதுதான். ஆனால் வடிவின் நிம்மதியை இன்னொருத்தன் வாயால்தான் அவன் கேட்க வேண்டியிருந்தது. அவள் இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்பதெல்லாம் அந்தச் சட்டைக்கு அடியில் இருந்தது. தான் இல்லாமல் அவள் சுகமாக இருக்கிறாள் என்பதை அந்த ஆள் தன் வயிற்றாலேயே அறிந்திருந்தான். இஸ்ரவேலின் அழகில்லாத முகத்தை, கொஞ்சம் தொங்கிய தொப்பையைப் பார்க்கும்போது ஆவுடையப்பனுக்கு முன்னைவிட அதிகமாக வயிறு எரிந்தது. முன்பு பொறாமைப்பட்டது அவனாக வரைந்துகொண்ட ஒரு ஆளின்மேல். இப்போது பொறாமைப்படுவதற்கு நிஜமாகவே ஒன்று இருந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் பட்டைகளைக் கழற்றினார்கள். வடிவின் குடல் இனித் தானே நடக்கும் என்று டாக்டர் சொன்னாளாம். அக்காதான் போனில் சொன்னாள். இஸ்ரவேலுக்கு இனிச் சாப்பாட்டு நேரம், கட்டுப்பாடு ஒன்றும் கிடையாது. யார்டில் அடைந்து கிடக்க வேண்டாம் என்று மத்தியானம் மெஸ்ஸுக்கே நேரில் வர ஆரம்பித்தான். "கையே இல்லாத மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்று வெறும் இடுப்பைத் தடவிக்காட்டினான்.

ஒரு திங்கட்கிழமை, கூட்டம் வருவதற்கு முன்பு, வடிவு மெஸ்ஸுக்குள் நுழைந்தாள். முகத்தில் சதை பிடித்திருந்தது. சங்கரன்கோவில் பஸ்ஸில் இறங்கி நேரே வந்திருக்கிறாள். சாப்பிட வருகிற யாரையும்போல ஒரு மேஜையில் உட்கார்ந்தாள்.

"பசிச்சிட்டு" என்றாள். "பஸ்ஸுல வரும்போதே நல்ல பசி."

"என்ன வைக்கட்டும்?"

"கொஞ்சமா வைங்க. வேணும்னா கேக்கேன்."

அவன் இலை போட்டுக்கொண்டிருந்தபோதே இஸ்ரவேலின் பைக் வந்து நின்றது. இன்றைக்கு ஏனோ சீக்கிரமே பசித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்து, அடுத்த மேஜையில் உட்கார்ந்தான். யாரென்று தெரியாமலே வடிவின் பக்கம் தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவைத்தான். அவள் தலையசைத்தாள். இருவரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஆவுடையப்பன் கரண்டியோடு நின்று பார்த்தான். இரண்டு பேரும் ஒரே சீராகச் சாப்பிட்டார்கள். ஒருத்தர் நிறுத்தியபோது மற்றவரும் நிறுத்தினார். நடுவில் இரண்டு வயிறுகளும் ஒரே நேரத்தில் சத்தமாக உறுமின. இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார்கள். பிறகு தங்கள் இலைக்குத் திரும்பினார்கள்.

அவர்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியை விட்டால் அது தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் வடிவு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவாள், இஸ்ரவேல் பைக்கை எடுப்பான், முடிந்தது. ஒருவேளை அவள் வீட்டுக்கேகூட வரலாம். அவள் இப்போது அவனைப் பார்த்துத்தான் கொஞ்சமாக வைங்க என்று சொன்னாள், அந்தக் குரலில் கோபம் இல்லை. அவன் கரண்டியை வாளிக்குள் வைத்தான்.

"வடிவு" என்றான். "ஒனக்குப் பாடம் சொல்லித் தந்தது இவருதான்."

இஸ்ரவேலின் கை இலைமேல் நின்றுவிட்டது. வடிவை மேலும் கீழும் பார்த்தான். அவன் கண்கள் கலங்கின. "பிள்ளைன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்" என்றான். வடிவு தன் வயிற்றைத் தொட்டாள், பிறகு கைகளைக் குவித்தாள். இஸ்ரவேல் சிரித்தான், ஏதோ கேட்க வாயெடுத்தான். அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது. திரும்பி ஆவுடையப்பனைப் பார்த்தான்.

"நீங்க... இவியளுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரன்" என்றான் ஆவுடையப்பன்.

"அப்ப சாயங்காலம் வீட்டுக்கு வாற ஆளு..."

"நான்தான் தம்பி. ஒனக்குப் பேதி ஆனதும் அசனத்துல இல்ல. நான்தான்."

இஸ்ரவேல் எழுந்தான். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவன் பார்வையிலிருந்து ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான்.

"உக்காருங்கண்ணே" என்றாள் வடிவு. "நீங்க பாதியில எந்திரிச்சா எனக்கும் அர வயிறாப் போயிரும்."

இஸ்ரவேல் அவளைப் பார்த்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

"அவருக்குச் சோறு வைங்க" என்றாள் அவள், புருஷனைப் பார்க்காமல்.

ஆவுடையப்பன் வைத்தான். அவளுடைய இலையிலும் கொஞ்சம் வைத்தான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனான். அங்கிருந்து கேட்டால் அவர்கள் பேசுவது சரியாகப் புரியவில்லை. இஸ்ரவேல் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருமுறை வடிவு வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவன் சாப்பாட்டு நேரத்தில் கேட்டதில்லை. அவன் நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. அடுப்புக்கு எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எட்டிப் பார்க்கவில்லை.